துணைக்கு ஒண்ணு... வேண்டாமே!

பல்லி என்றதும் உங்களில் பாதிப் பேர் முகத்தைச் சுளித்துப் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். கொஞ்சம் பொறுங்கள். நான் சொல்ல வந்தது சுவரில் 'ச்சு ச்சு' என்று சொல்லி நம் பேச்சுக்கு சாட்சி சொல்கிற பல்லியைப் பற்றி இல்லை. கண்ணாடித் தொட்டியில் வைத்து, செல்லப் பெயர் சூட்டி, பிறந்தநாள்கூடக் கொண்டாடுகிறார்களே, அந்தப் பல்லியைப் பற்றி. உங்கள் மகனோ மகளோ அமெரிக்காவில் இருந்தால் பேரன் அறையில் ஒன்று இருக்கலாம். பெயர் லெப்பர்ட் கெக்கோ. மஞ்சள் உடம்பில் சிறுத்தை மாதிரி கறுப்புப் புள்ளிகள். சிறுத்தைப் பல்லி என்று வைத்துக்கொள்வோமே.

'சித்த வைத்தியருக்கும் வளர்ப்புப் பல்லிக்கும் என்னய்யா சம்பந்தம்?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சம்பந்தம் இதுதான்: நான் ஒரு தப்பு செய்தேன். அதை ஒரு வாயில்லா ஜீவன் அனுபவித்தது. அதே தப்பை நம் வீடுகளில் பல்லிக்கு மட்டும் இல்லை, மனிதர்களுக்கும் செய்கிறோம் என்று தோன்றியது. அதனால்தான் எழுதுகிறேன்.

'உசிருன்னா துணை வேணும்பா!'

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் அக்கா மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். டெக்ஸாஸ் மாநிலம், டல்லஸ் நகரத்துக்குப் பக்கத்தில். அவள் மகனுக்குப் பத்து வயது. என்னைத் தாத்தா என்றுதான் கூப்பிடுவான். போய் இறங்கிய மறுநாளே கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் தன் அறையில் இருந்த கண்ணாடித் தொட்டியைக் காட்டினான். மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம். ஒரு பக்கம் விளக்குச் சூடு, மறு பக்கம் குளுமை. இரண்டு பக்கமும் ஒவ்வொரு குகை. நடுவில் ஈரப்பாசி போட்ட ஒரு டப்பா. உள்ளே ஒரே ஒரு பல்லி. பெயர் மேங்கோ. வயது மூன்று.

எனக்கு அதைப் பார்த்ததும் மனசு என்னமோ மாதிரி ஆகிவிட்டது. அவ்வளவு பெரிய வீட்டில் ஒத்தைப் பல்லி!

"ஏண்டா, பாவம், தனியா கிடக்கே! துணைக்கு இன்னொண்ணு வாங்கி விடலாமே?"

"இல்ல தாத்தா. இது தனியாத்தான் இருக்கும்னு புக்ல போட்டிருக்கு."

"புக்ல ஆயிரம் போடுவான். உசிருன்னா துணை வேணும்பா!"

அவன் அம்மாவைப் பார்த்தான். அவளோ, "மாமா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டாள். நான் வைத்தியன் ஆயிற்றே! அந்த வார்த்தையை நம்பித்தான் பையன் வாயை மூடிக்கொண்டான்.

பத்தாம் நாள் நானே கடைக்குப் போய் நாற்பது டாலர் சொச்சம் கொடுத்து இன்னொரு பல்லி வாங்கினேன். கடைக்காரப் பையன், "தனித் தொட்டி இருக்கிறதா?" என்று கேட்டான். 'விற்கிறவன் தொட்டியையும் சேர்த்து விற்கத்தானே பார்ப்பான்!' என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். அதற்கு லட்டு என்று பெயர் வைத்து அன்று சாயங்காலமே மேங்கோவின் தொட்டியில் இறக்கிவிட்டோம்.

மறுநாள் காலையில் பார்த்தால் இரண்டும் ஒரே குகையில், ஒன்றின் மேல் ஒன்று படுத்துத் தூங்குகிறது! "பார்த்தியாடா... அண்ணன் தம்பி மாதிரி!" என்று போட்டோ எடுத்து குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டேன். இந்தியாவில் இருந்து முப்பது பேர் இதயம் போட்டார்கள்.

பையன் மட்டும் இதயம் போடவில்லை. அவனிடம் ஒரு நோட்டு உண்டு. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை மேங்கோவை ஒரு சின்ன தராசில் வைத்து எடை பார்த்து எழுதுவான். லட்டு வந்த முதல் ஞாயிறு 64 கிராம். அடுத்த ஞாயிறு 61. அதற்கடுத்து 57. "தாத்தா, மேங்கோ சரியா சாப்பிடல" என்றான். "புதுசா ஆள் வந்திருக்குல்ல... பழகிடும்" என்றேன்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் விடிகாலை அலறல் கேட்டு ஓடினேன். தொட்டியின் நடுவில் மேங்கோவின் வால் மட்டும் தனியாகக் கிடந்தது. மேங்கோ கண்ணாடியோடு கண்ணாடியாக ஒட்டிக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. கழுத்தில் கடிபட்ட காயம். லட்டு வெதுவெதுப்பான குகையில் சுகமாகப் படுத்திருந்தது.

கொஞ்சலா, குஸ்தியா?

ஊர்வனவற்றுக்கென்றே இருக்கும் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினோம். நிதானமான அம்மா. லட்டுவைத் திருப்பிப் பிடித்து, பின்னங்கால்களுக்கு நடுவே ஆங்கில 'வி' எழுத்து மாதிரி வரிசையாக இருந்த புள்ளிகளைக் காட்டினார். அதற்குக் கீழே இரண்டு மொட்டு மாதிரி வீக்கம். "இது ஆண். உங்கள் மேங்கோ பெண்" என்றார். நான் 'அண்ணன் தம்பி' என்றது போய், வேண்டாத கல்யாணம் ஒன்றைச் செய்து வைத்திருக்கிறேன்!

"நேற்று வரை ஒற்றுமையாகத்தானே இருந்தது?" என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் இன்றும் என் காதில் இருக்கிறது. "முதல் நாளே ஆரம்பித்திருக்கும். இது இருட்டின பிறகு நடமாடுகிற பிராணி. நீங்கள் பார்க்கும்போது அது தூங்கும். நீங்கள் தூங்கும்போதுதான் அது வாழும்."

அப்படியானால் ஒன்றின் மேல் ஒன்று படுத்திருந்ததே, அது? அது பாசம் இல்லையாம். நல்ல சூடான இடம் ஒன்றுதான் இருக்கிறது. அதைப் பலசாலி பிடித்துக்கொள்ள, மற்றது வேறு வழியில்லாமல் ஒண்டுகிறது. அல்லது பலசாலி மேலே ஏறிப் படுத்து 'இது என் இடம்' என்று அழுத்துகிறது. நம் கண்ணுக்கு அது கட்டிப்பிடித்துத் தூங்குவதாகத் தெரிகிறது.

இப்போது புரிகிறதா, நான் எதைப் போட்டோ எடுத்து அனுப்பினேன் என்று?

எதெல்லாம் சண்டையின் அறிகுறி என்று அந்த அம்மா சொன்னதையும் பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். வாலை மெதுவாக உயர்த்திப் பாம்பு மாதிரி அசைத்தால், எச்சரிக்கை. ஒன்று எப்போதும் வெளியே, குளிர்ந்த பக்கத்திலேயே கிடந்தால், அதை மற்றது விரட்டியிருக்கிறது. ஒன்றின் வால் தடித்துக்கொண்டே போய் மற்றதன் வால் மெலிந்துகொண்டே வந்தால், சாப்பாடு ஒரே வாய்க்குப் போகிறது. விரல் நுனி காணாமல் போவது, கழுத்திலும் வாலிலும் கீறல், கண்ணாடியை ஓயாமல் பிறாண்டுவது, எல்லாம் ஒரே கதையைத்தான் சொல்கின்றன. ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் சொன்னது எது தெரியுமா? பையனின் நோட்டு. 64, 61, 57.

ஒரு வைத்தியன் அந்த மூன்று எண்ணைப் பார்த்தும் 'பழகிடும்' என்று சொல்லியிருக்கிறேன். என்னிடம் வருகிற ஒரு நோயாளி மூன்று வாரத்தில் பத்தில் ஒரு பங்கு எடை குறைந்தேன் என்றால் அப்படிச் சொல்லியிருப்பேனா?

இது எந்த ஊர்ப் பிராணி?

சித்த மருத்துவத்தில் நிலத்தைப் பார்த்துத்தான் உடம்பைப் பார்க்கச் சொல்வார்கள். குறிஞ்சி நிலத்துக்காரனுக்கு வருகிற நோய் வேறு, நெய்தல் நிலத்துக்காரனுக்கு வருகிற நோய் வேறு. இந்தப் பாடத்தைக் கல்லூரியில் மனப்பாடம் செய்தவன், பல்லி விஷயத்தில் மட்டும் மறந்துவிட்டேன்.

சிறுத்தைப் பல்லியின் சொந்த ஊர் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், இந்தியாவின் வடமேற்கு ஓரம். கல்லும் கட்டாந்தரையும் வறண்ட புல்லுமாக இருக்கிற பூமி. கிட்டத்தட்ட நம் பாலை நிலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1854-ல் எட்வர்ட் பிளித் என்ற ஆங்கிலேயர் இதை முதலில் விவரித்து அறிவியல் பெயர் கொடுத்தார். நம் வீட்டுப் பல்லிபோல இதற்குச் சுவரில் ஏறத் தெரியாது. பாதத்தில் ஒட்டும் பட்டை கிடையாது, நகம்தான். நம் வீட்டுப் பல்லிக்கு இல்லாத இமை இதற்கு உண்டு. கண்ணை மூடித் திறக்கும். அதனால்தான் அதன் முகம் நமக்குச் சிரிக்கிற மாதிரி, ஏங்குகிற மாதிரியெல்லாம் தெரிகிறது.

இரை எப்போதாவதுதான் கிடைக்கிற பூமி அது. கிடைக்கும்போது தின்று கொழுப்பை வாலில் சேர்த்து வைத்துக்கொள்ளும். வால்தான் அதன் சேமிப்புக் கணக்கு. உயிருக்கு ஆபத்து என்றால் அந்தச் சேமிப்பையே உதறிவிட்டு ஓடும். மேங்கோ வாலைப் போட்டது என்றால், 'இனி உயிர் பிழைத்தால் போதும்' என்று அது முடிவு செய்த அளவுக்குப் பயந்திருக்கிறது என்று அர்த்தம்.

இப்படிப்பட்ட பூமியில் இரைக்கும் இடத்துக்கும் இன்னொரு ஆள் பங்குக்கு வருவது நல்ல செய்தி இல்லை. ஆணுக்கு ஆணைக் கண்டால் ஆகாது. ஆணையும் பெண்ணையும் சேர்த்து வைத்தால் ஆண் ஓயாமல் துரத்திக் கழுத்தைக் கடிக்கும். அவை ஒன்றையொன்று தோலின் வாசனையால்தான் ஆணா பெண்ணா என்று கண்டுகொள்கின்றன. ஆராய்ச்சியாளர்கள் ஒரு வேடிக்கையைக் கவனித்திருக்கிறார்கள். பெண் தோல் உரிக்கிற சமயத்தில் அந்த வாசனை மாறிவிடுவதால், நேற்று வரை ஜோடியாக இருந்த ஆணே அதை இன்னொரு ஆண் என்று நினைத்துக் கடிக்க வருமாம்!

'சரி, இரண்டும் பெண்ணாக இருந்தால்?' என்று கேட்பீர்கள். அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இந்தப் பல்லிக்கு ஆணா பெண்ணா என்பதை முட்டை இருக்கிற இடத்தின் சூடுதான் தீர்மானிக்கிறது. 26 டிகிரி செல்சியஸ் வாக்கில் பெரும்பாலும் பெண். 32, 33 டிகிரியில் ஆண் அதிகம். இன்னும் சூடு ஏறி 34-ஐத் தாண்டினால் மறுபடியும் பெண்தான் அதிகம். ஆனால் அந்தச் சூட்டில் பிறந்த பெண்கள் சண்டைக்காரிகள்! பல வருஷம் அனுபவமுள்ள சிலர் இரண்டு மூன்று பெண்களைப் பெரிய தொட்டியில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அமைதியாக இருப்பதும் உண்டு. மாதக்கணக்கில் அமைதியாக இருந்து, ஒரு ராத்திரியில் எல்லாம் மாறியதும் உண்டு. சேர்த்து வைப்பதால் நமக்குப் பார்க்க அழகு. அவற்றுக்கு என்ன லாபம் என்று கேட்டால், சொல்லும்படியாக ஒன்றும் இல்லை.

என் முடிவு இதுதான்: ஒரு தொட்டிக்கு ஒரு பல்லி. இதில் எனக்கு இப்போது சந்தேகமே இல்லை.

இன்னொன்று ஏற்கெனவே வீட்டுக்கு வந்துவிட்டதா?

பெண்ணைக் கேட்டால் கடையில் ஆணைக் கொடுத்துவிடலாம். குட்டியாக இருக்கும்போது வித்தியாசம் தெரியாது. அதனால் நான் செய்த மாதிரி செய்யாமல், இப்படிச் செய்யுங்கள்.

முதலில், தனித் தொட்டி வாங்கிவிட்டுப் பல்லி வாங்குங்கள். பல்லியின் விலையைவிடத் தொட்டி, விளக்கு, தெர்மோஸ்டாட் எல்லாம் சேர்ந்து பல மடங்கு ஆகும். அந்தக் கணக்கைக் கேட்டு மலைப்பு வந்தால், இரண்டாவது பல்லி வேண்டாம் என்று அர்த்தம்.

புதிதாக வந்ததை வேறு அறையில் இரண்டு மூன்று மாதம் தனியாக வையுங்கள். அதன் தண்ணீர்க் கிண்ணம், இடுக்கி எல்லாம் தனி. பழையதைக் கவனித்த பிறகுதான் புதியதைத் தொட வேண்டும். இடையில் மலப் பரிசோதனை செய்துவிடுங்கள். கிரிப்டோஸ்போரிடியம் என்று ஒரு கிருமி இருக்கிறது. அது குடலில் புகுந்தால் பல்லி என்ன தின்றாலும் உடம்பில் ஒட்டாது. தடித்த வால் குச்சி மாதிரி ஆகிவிடும். நம்பிச் சொல்லும்படியான மருந்து இல்லை. ஒன்றுக்கு வந்தால் அதே தொட்டியில் இருக்கும் மற்றதற்கும் போச்சு. நான் அன்று சாயங்காலமே சேர்த்து இறக்கிவிட்டேனே, அந்த வகையில் மேங்கோ தப்பித்தது கடவுள் புண்ணியம்.

ஒவ்வொரு தொட்டியிலும் சூடான பக்கத்தின் தரை 32 டிகிரி செல்சியஸ் வாக்கிலும், குளுமையான பக்கம் 24, 25 டிகிரியிலும் இருக்கட்டும். சூட்டில் ஒரு குகை, குளுமையில் ஒரு குகை, தோல் உரிக்க ஈரமான டப்பா ஒன்று. உணவு வெட்டுக்கிளி வகைப் பூச்சி, மீல்வார்ம் புழு. அதில் சுண்ணாம்புச் சத்துத் தூளைத் தூவித்தான் கொடுக்க வேண்டும்; இல்லாவிட்டால் எலும்பு வளைந்துவிடும். தூளின் அளவை மருத்துவர் சொல்லட்டும்.

வளர்ந்த பெண்கள் இரண்டை எப்படியும் சேர்த்தே வைக்கப்போகிறேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்களுக்கு: மருத்துவரிடம் காட்டி இரண்டும் பெண்தான் என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இரண்டும் ஒரே அளவு, ஒரே எடை இருக்க வேண்டும். இரண்டுக்கும் புதிதான ஒரு பெரிய தொட்டியில் ஒரே நேரத்தில் விடுங்கள். பழையதன் வீட்டுக்குள் புதியதை இறக்காதீர்கள். எல்லாம் இரட்டை இரட்டையாக இருக்கட்டும். முக்கியமாக, சூடான குகை இரண்டு. சாப்பாட்டைத் தனித்தனியாக இடுக்கியில் கொடுங்கள். வாரா வாரம் எடை எழுதுங்கள். மாற்றுத் தொட்டி சூடாகத் தயாராக இருக்கட்டும். ஒரு கீறல் தெரிந்தாலும், ஒன்றின் எடை இறங்கினாலும் பிரித்துவிடுங்கள். பிரித்தால் பிரித்ததுதான். 'சமாதானம் ஆகிவிட்டதா பார்க்கலாம்' என்று மறுபடி சேர்க்காதீர்கள். ஆணோடு ஆண் எந்தக் காலத்திலும் கூடாது.

கையைக் கழுவுங்கள்!

குடும்பத்து ஆரோக்கியம் பற்றிய பத்திரிகையில் இதைச் சொல்லாமல் விட முடியாது. சாப்பாட்டில் பல்லி விழுந்தால் விஷம் என்று நம் ஊரில் சொல்வார்கள். பல்லிக்கு விஷம் கிடையாது. ஆனால் கிருமி உண்டு. ஊர்வன வகைப் பிராணிகளின் குடலில் சால்மோனெல்லா என்ற கிருமி இருக்கலாம். பல்லி பார்க்க ஆரோக்கியமாகவே இருக்கும். அதைத் தொட்ட கையோடு பிஸ்கட் தின்கிற குழந்தைக்குத்தான் வயிற்றுப்போக்கும் ஜுரமும் வரும். சின்ன ஆமைகளால் குழந்தைகளுக்கு இந்த நோய் வருகிறது என்று தெரிந்து, நாலு அங்குலத்துக்குக் குறைவான ஓடு உள்ள ஆமைகளை விற்க அமெரிக்க அரசு 1975-லேயே தடை போட்டது.

ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகள், 65 வயது தாண்டியவர்கள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் இருக்கிற வீட்டில் இந்தப் பிராணி வேண்டாம் என்பதுதான் அந்த நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. பெரியவர்களே, ஆறு மாதம் பேரனோடு இருக்கப் போகிறவர்களே, இது உங்களுக்கும்தான். பல்லியைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். அதன் கிண்ணத்தைச் சமையல் அறைத் தொட்டியில் கழுவாதீர்கள். முத்தம் கொடுப்பதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சித்த வைத்தியர் என்று தெரிந்ததும், "பல்லியில் ஏதோ மருந்து இருக்கிறதாமே?" என்று காதோடு காதாகக் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். டோக்கே என்ற பெரிய பல்லி எய்ட்ஸைக் குணமாக்கும் என்று ஒரு புரளி கிளம்பி, தென்கிழக்கு ஆசியாவில் அதைப் பிடித்து விற்றார்கள். 2011-ல் பிலிப்பைன்ஸ் சுகாதாரத் துறையே 'அப்படி ஒரு குணமும் இல்லை' என்று அறிக்கை விட வேண்டி வந்தது. நானும் சொல்கிறேன், இல்லை.

நம் ஊரில் வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தச் சிறுத்தைப் பல்லியின் உறவுக்காரர்கள் இந்தியாவிலும் உண்டு. மகாராஷ்டிரம், ஒடிசா பக்கத்துக் காடுகளில் இருக்கின்றன. விஷப் பிராணி என்று பயந்து பாவம் அடித்துக் கொல்கிறார்கள். காட்டுப் பிராணியைப் பிடித்து வளர்ப்பதற்கு 1972-ம் வருஷத்து வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. அது 2022-ல் திருத்தப்பட்டது. சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டுப் பிராணிகளை வைத்திருப்பவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்று 2024-ல் விதிகளும் வந்தன. எனவே கடைக்காரர் வாயை மட்டும் நம்பாதீர்கள். வாங்கும் முன்னால் வனத்துறை அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

துணை என்னும் மருந்து

மேங்கோவின் கதையை முடிக்கவில்லையே. அந்த மருத்துவர் காயத்தைக் கழுவி மருந்து போட்டார். நான் பழக்க தோஷத்தில், "மஞ்சள் பூசலாமா?" என்று கேட்டேன். "வேண்டாம். பூசுவதற்கு முன்னால் கேட்டீர்களே, சந்தோஷம்" என்றார். மனிதனுக்கு ஆகிற மருந்து எல்லாம் பல்லிக்கு ஆகாது. வாயில் எண்ணெய், தோலில் பத்து என்று யாரும் இறங்கிவிடாதீர்கள்.

அன்றே லட்டுவுக்குத் தனித் தொட்டி வாங்கினேன். வேறு அறையில் வைத்தோம். இரண்டு வாரம் கழித்து மேங்கோ ஈர டப்பாவில் இரண்டு முட்டை இட்டது. ஏற்கெனவே வால் போய், எடை போய், காயத்தோடு இருக்கிற உடம்பு. அதில் மிச்சம் இருந்த சுண்ணாம்புச் சத்தையும் உறிஞ்சிக்கொண்டு முட்டை! ஒரே தடவை சேர்ந்தாலும் இது அந்தப் பருவம் முழுக்கப் பல தடவை, இரண்டிரண்டாக முட்டை போடக்கூடும். நான் ஊருக்குக் கிளம்புகிற வரைக்கும் ஒவ்வொரு நாளும் அதைப் பார்க்கப் பயந்துகொண்டேதான் அந்த அறைக்குள் போனேன்.

ஒரு ராத்திரி பையன் கேட்டான். "தாத்தா, நான்தான் புக்ல போட்டிருக்குன்னு சொன்னேன்ல?" அவன் கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. "ஆமாம்ப்பா, நீ சொன்ன. நான் கேக்கலை. தப்பு என்னோடது" என்றேன். ஐம்பது வயதுக்கு மேல் பத்து வயதுப் பையனிடம் மன்னிப்புக் கேட்பது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் கேட்டபிறகு அவன் பழையபடி பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டான்.

விமானத்தில் வரும்போது யோசித்தேன். மேங்கோ தனியாக இருந்தது. ஆனால் அதற்குத் தனிமை இருந்ததா? இல்லை. தனிமை இருந்தது எனக்கு. புது ஊர், பகலெல்லாம் பூட்டிய வீடு, எல்லோரும் வேலைக்கும் பள்ளிக்கும் போய்விட, பேச ஆள் இல்லாமல் உட்கார்ந்திருந்தது நான். என் வியாதிக்குப் பல்லிக்கு மருந்து கொடுத்திருக்கிறேன்!

யோசித்துப் பாருங்கள். இதை நாம் எத்தனை பேருக்குச் செய்கிறோம்? ஒரே குழந்தை போதும் என்று நிம்மதியாக இருக்கிற தம்பதியிடம், "துணைக்கு ஒண்ணு பெத்துக்கோங்க" என்கிறோம். தனியாக உட்கார்ந்து படிக்கிற பெண்ணை, "போய் நாலு பேரோட விளையாடு" என்று துரத்துகிறோம். மனைவியை இழந்து, தன் வீட்டில் தன் போக்கில் சமைத்துச் சாப்பிடுகிற அப்பாவை, "தனியா இருக்காதீங்க" என்று அழைத்துவந்து, பேரன்களின் படுக்கை அறையில் ஒரு கட்டில் போட்டுக் கொடுக்கிறோம். மூன்று மாதத்தில் அவருக்குப் பசி குறைகிறது, தூக்கம் குறைகிறது, வேட்டி தளர்கிறது. "நல்லாத்தானே பாத்துக்கிறோம் டாக்டர்?" என்று மகன் என்னிடம் கேட்கிறார். நல்லாத்தான் பார்த்துக்கொள்கிறீர்கள். சூடான குகை ஒன்றுதானே இருக்கிறது, ஐயா!

துணையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மனிதன் கூட்டத்தில் வாழ்கிற பிராணிதான். ஆனால் துணை என்பது மருந்து மாதிரி. எந்த மருந்தையும் ஆளைப் பார்த்து, அளவு பார்த்து, அனுபானம் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். ஒருத்தருக்குத் தேனில் கொடுக்கிற சூரணத்தை இன்னொருத்தருக்கு மோரில் கொடுப்போம். மூன்றாவது ஆளுக்குக் கொடுக்கவே மாட்டோம். யாருக்கு என்ன தேவை என்று அவர்களையே கேட்க வேண்டும். வாயில்லாத ஜீவனாக இருந்தால் அதை நன்றாகக் கவனித்தவர்களைக் கேட்க வேண்டும், அவர்கள் வயதில் சின்னவர்களாக இருந்தாலும்.

மேங்கோவுக்கு இப்போது புது வால் முளைத்திருக்கிறது. பழைய அழகு இல்லை. மழமழவென்று நூல்கோல் மாதிரி இருக்கிறது. லட்டு தன் தொட்டியில் தானுண்டு தன் பூச்சி உண்டு என்று இருக்கிறது. அதன் மேலும் ஒரு குற்றமும் இல்லை. அதன் சுபாவத்தை அது செய்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பையன் எனக்கு இரண்டு எண் மட்டும் அனுப்புவான். போன வாரம் வந்தது: 'மேங்கோ 66, லட்டு 71.'

அதற்கு நான் இதயம் போட்டேன்.